கொல்வேசி மண்ணும் நம் கையிலிருக்கும் பேட்டரியும்



நம் பங்கில் கடலுக்குப் போகிற குடும்பங்களே அதிகம். விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்கள் போனைப் பாலித்தீன் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, தண்ணீர் படாத இடம் என்று இன்ஜினுக்குப் பக்கத்தில் சொருகி வைக்கிறார்கள். காற்று நிலவரம் பார்க்க அதுதான் வேண்டும். வலை போட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளவும் அதுதான். கரையில் என்ன விலை போகிறது என்று கேட்கவும், "வந்துகிட்டு இருக்கோம், பயப்படாதே" என்று வீட்டுக்குச் சொல்லவும் அதுவே. மேலே வெயில், பக்கத்தில் இன்ஜின் சூடு, சுற்றிலும் காற்றுப் புகாத பாலித்தீன். மதியம் கையில் எடுத்தால் சுடுகிறது. ஒன்றிரண்டு வருடம் போனதும், காலையில் நூறு காட்டிய பேட்டரி பத்து மணிக்கே இருபதுக்கு இறங்கிவிடுகிறது. "பேட்டரி நிக்க மாட்டேங்குது பாதர், வேற போன்தான் வாங்கணும்" என்று சொல்லாதவர்கள் நம்மில் குறைவு.

வாங்குகிறோம். தவணையிலாவது வாங்கிவிடுகிறோம். அது இல்லாமல் இன்று பிழைப்பு நடக்காது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், என் அன்பு மக்களே, செப்டம்பர் 1 முதல் அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை, படைப்பின் காலம் என்று திருஅவை செபத்தோடு நடந்துபோகிற இந்த நாள்களில், ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நின்றுபோன அந்தப் பேட்டரிக்குள் என்ன இருந்தது? அதை நமக்காகத் தோண்டி எடுத்தவர் யார்?

யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்து வாசியுங்கள். சுரங்கத் தொழிலாளியைப் பற்றி விவிலியம் இவ்வளவு நெருக்கமாகப் பேசுகிற இடம் வேறு இல்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மனிதன் குழி வெட்டுகிறான். மேலே நடப்பவர்கள் அவனை மறந்துவிடுகிறார்கள். அவன் கயிற்றில் தொங்கி ஊசலாடியபடி இருட்டுக்குள் இறங்கி, மலையின் அடிவேர்வரை போகிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு யோபு கேட்கிறார்: இவ்வளவும் தோண்டி எடுக்கத் தெரிந்த மனிதனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும்?

ஆப்பிரிக்காவின் நடுவே காங்கோ மக்களாட்சிக் குடியரசு இருக்கிறது. அதன் தென்பகுதியில் கொல்வேசி என்றொரு நகரம். நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கிற போன்களின் பேட்டரியில் கோபால்ட் என்ற உலோகம் சில கிராம் இருக்கிறது. உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த ஒரு நாட்டிலிருந்துதான் வருகிறது. அதில் பெரும்பங்கு கொல்வேசியைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து. பெரிய இயந்திரங்கள் ஓடும் சுரங்கங்கள் அங்கே உண்டு. அவற்றின் ஓரத்தில், ஓர் ஆள் உடம்பு நுழையும் அளவுக்குக் கையாலேயே குழி வெட்டி, தாங்கு மரம்கூட இல்லாமல் இறங்குகிறவர்களும் பல்லாயிரம் பேர் உண்டு. மழைக் காலத்தில் மண் சரிந்தால் அவர்கள் மேலே வருவதில்லை. வெட்டிய கல்லைத் தண்ணீரில் அலசித் தரம் பிரிப்பது பெண்களும் பிள்ளைகளும். பிள்ளைகள் அங்கே வேலை செய்வதை 2016இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு விரிவான அறிக்கையாக எழுதி உலகத்துக்குச் சொன்னது.

நம் அருள்சகோதரிகள் அங்கே இருக்கிறார்கள். நல்லாயன் சபைச் சகோதரிகள் கொல்வேசியில் தங்கி, குழிப் பக்கம் போகும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். தாய்மாருக்கு வேறு தொழில் கற்றுத் தருகிறார்கள். 2023 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கின்ஷாசாவில் இறங்கியபோது, நடக்கவே சிரமப்பட்ட அந்த முதியவர், செல்வம் படைத்த நாடுகளைப் பார்த்து, இந்தக் கண்டத்தின் குரல்வளையிலிருந்து கையை எடுங்கள் என்று சொல்லத் தயங்கவில்லை.

அந்த மண்ணின் துயரம் புதிதல்ல. ஒரு காலத்தில் தந்தத்துக்காக அந்த மக்களை வதைத்தார்கள், பிறகு ரப்பருக்காக. அருளாளர் இசிதோர் பக்காஞ்சாவைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்களோ தெரியாது. கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்த காங்கோ இளைஞர். 1906இல் திருமுழுக்குப் பெற்றார். பிறகு ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் அதிகாரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கழுத்தில் கார்மேல் அன்னையின் உத்தரியம், கையில் செபமாலை, ஓய்வு கிடைத்தால் கூட வேலை செய்கிறவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பார். உத்தரியத்தைக் கழற்று என்றான் தோட்டத்து மேலதிகாரி. அவர் கழற்றவில்லை. ஆணி வைத்த தோல் சாட்டையால் முதுகு கிழியும்வரை அடித்தார்கள். காயம் புரையோடி, மாதக் கணக்கில் கிடந்து, 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு நாளில் இறந்தார். தன்னை அடித்தவனை மன்னித்துவிட்டதாகவும், விண்ணகம் போனால் அவனுக்காகச் செபிப்பதாகவும் சொல்லிவிட்டு இறந்தார். 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

எதற்காக இதைச் சொல்கிறேன்? காங்கோ என்றதும் இரக்கத்துக்குரிய ஏழைகள் என்று மட்டும் நாம் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் நம் குடும்பம். நாம் போடுகிற அதே உத்தரியம், நாம் உருட்டுகிற அதே செபமாலை. அந்தக் குடும்பத்தின் வியர்வை, அரிசிமணி அளவுக்காவது, நம் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே பேட்டரியில் இருக்கிற லித்தியத்தின் கதை வேறு மாதிரி. அது கிடைக்கும் இடங்களில் ஒன்று தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அத்தகாமா பாலைவனத்தின் உப்புப் படுகை. நிலத்தடி உப்புநீரை மேலே இறைத்துப் பாத்திகளில் தேக்கி, மாதக் கணக்கில் வெயிலில் வற்ற விடுகிறார்கள். பார்த்தால் நம் உப்பளம் போலவே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், நமக்குக் கடல் இருக்கிறது. அத்தகாமாவோ உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்று. அங்கே காலங்காலமாக ஆடு மேய்த்து வாழும் அத்தகாமா மக்கள், எங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த நம்மால் அந்தக் கேள்வியைக் கேட்காதது போல இருந்துவிட முடியாது.

அன்பார்ந்தவர்களே, இதையெல்லாம் கேட்டுவிட்டு, போனைத் தொடவே குற்ற உணர்வோடு நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. அதற்காக நான் இங்கே நிற்கவில்லை. இன்று வாசித்த நற்செய்தியைப் பாருங்கள். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். ஐயாயிரம் ஆண்கள் வயிறார உண்டார்கள். உண்டு முடித்ததும் ஆண்டவர் என்ன செய்தார்? கூட்டத்தைக் கடிந்துகொண்டாரா? "இவ்வளவு மிச்சம் வைத்துவிட்டீர்களே" என்று யாரையும் வெட்கப்படுத்தினாரா? இல்லை. மீந்த துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து எடுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். பன்னிரண்டு கூடை நிறைகிறது.

எனக்கு இது தீராத வியப்பு. நாளைக்கும் ஒரு சொல்லால் அப்பத்தைப் பெருகச் செய்யக்கூடியவர், புல்தரையில் கிடந்த துண்டுகளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த அப்பத்தை அவர் கையில் ஏந்தி நன்றி செலுத்தியிருந்தார். தந்தைக்கு நன்றி சொல்லி வாங்கிய பொருளைக் காலில் மிதிபட விட அவருக்கு மனம் வரவில்லை. சாப்பிடுமுன் சிலுவை அடையாளம் வரைகிறோம். வள்ளம் இறக்குமுன் வரைகிறோம். புது வலையை ஆசீர்வதிக்கச் சாமியாரைக் கூப்பிடுகிறோம். கையிலிருக்கும் இந்தப் பொருளுக்காக, அதைத் தோண்டிய கைகளுக்காக, என்றைக்காவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

சரி, வீணாகாமல் வைத்துக்கொள்வது எப்படி? கோயிலில் பேசுகிற விஷயமா என்று நினைக்காதீர்கள். பேட்டரிக்குள் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்த் திரும்புகிறது. அந்தப் போக்குவரத்தால்தான் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் திரும்பி வராமல் சிக்கிக்கொள்கிறது. அதனால் எந்தப் பேட்டரியும் வயதாகத்தான் செய்யும். ஆனால் இரண்டு காரியங்கள் அந்த முதுமையை விரைவுபடுத்துகின்றன. ஒன்று சூடு. மற்றது, நூறு வரை நிரப்பி அப்படியே மணிக் கணக்கில் வைத்திருப்பது. இரண்டும் சேர்ந்தால் மிகவும் மோசம். இரவு சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறோமே, அங்கே இரண்டும் சேர்கின்றன. கூடவே தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. தாய்மாரே, இன்று இரவே பிள்ளைகளின் தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

எண்பது வரை ஏற்றினால் போதும். இருபதுக்குக் கீழே அடிக்கடி விடாமல் இருந்தால் போதும். எண்பதில் தானாக நிறுத்துகிற வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நொடியில் வைத்துத் தருவார்கள். முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று சில பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. இப்போது நம் கையில் இருக்கிற பேட்டரிக்கு அது கெடுதல். நூறு தேவைப்படுகிற நாளும் உண்டு. ஆழ்கடலுக்குப் போகிறவர் நூறு ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், உயிர் முக்கியம். போகிற நேரத்துக்குச் சற்று முன் ஏற்றுங்கள். வள்ளத்தில் இன்ஜினை விட்டுத் தள்ளி, நிழலில் வையுங்கள். பைக்கில் போகிற பிள்ளைகள் உச்சி வெயிலில் ஹேண்டிலில் மாட்டி, வழி பார்த்துக்கொண்டே சார்ஜும் போடுகிறார்கள். முடிந்த மட்டும் அதைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு சிறிய காரியத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ஒரு போன் தன் வாழ்நாளில் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன், செய்யப்படும்போதே சேர்ந்துவிடுகிறது. நாம் தினமும் ஏற்றுகிற மின்சாரம் அதன் பக்கத்தில் கொஞ்சம்தான். ஆகவே இரண்டு வருடம் ஓடும் போனை நான்கு வருடம் ஓட்டினால், நாம் பூமிக்குத் தருகிற ஓய்வு சிறியதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது ஸ்மார்ட்போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் எண்பது விழுக்காடு தாங்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலிலும், ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் திரும்பப் பயன்படுத்துவது அன்புச் செயலாக முடியும் என்ற கருத்து இருக்கிறது.

நம் பங்கில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் வெளிநாட்டில். ஒரு நாள் தம் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளி, திரையின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. "மவன் புதுசு அனுப்புறேங்கிறான் சாமி, எனக்கு வேணாம்" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் படத்தை அழுத்தினால் மகன், எதை அழுத்தினால் மகள் என்பது விரலுக்குப் பழகிவிட்டது. புதுப் போன் வந்தால் முதலிலிருந்து யாரிடமாவது கெஞ்ச வேண்டும். சர்வீஸ் கடைத் தம்பியிடம் அனுப்பினோம். அவர் மூடியைச் சூடு காட்டிக் கழற்றி, உப்பிய பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல், பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாகப் பெயர்த்து, புதிதைப் பொருத்தினார். அரை மணி நேர வேலை. அந்தப் போனில்தான் அவர் இன்றும் பேசுகிறார். ஒன்றைச் சொல்ல வேண்டும்: உப்பிய பேட்டரியை ரப்பர் பேண்டால் இறுக்குவது ஆபத்து. உப்பியது தெரிந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

மாற்ற முடியாத நிலைக்கு வந்தவை எங்கே போகின்றன? அலமாரியில் கிடக்கின்றன, இல்லையென்றால் குப்பையில் விழுகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால் பங்குக்கும் குறைவு. குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. அந்த வண்டியில் நிற்பவர் நம் ஊர்த் தூய்மைக் காவலர். காலையில் நம் வீட்டு வாசலில் விசில் ஊதுகிறவர். கொல்வேசியில் இருப்பவரை நாம் பார்த்ததில்லை. இவரைத் தினமும் பார்க்கிறோம். நல்ல சமாரியரின் உவமையில் வருகிற அயலார், நம் போனின் இரண்டு முனையிலும் நிற்கிறார்.

அன்பியக் கூட்டத்தில் ஒரு சகோதரர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். நாமெல்லாம் புதிது வாங்குவதைக் குறைத்தால், அந்தக் குழியில் இறங்கிப் பிழைக்கிறவருக்கு வருமானம் போகாதா? அக்கறையோடு கேட்ட கேள்வி இது. கோபால்ட்டின் தேவை குறையப்போவதில்லை. இப்போது போனைவிட மின்சார வாகனங்களுக்கே அதிகம் போகிறது. குழியில் இறங்குகிற அந்தச் சகோதரருக்கு வேண்டியது நியாயமான கூலி, இடியாத குழி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நம் அலட்சியத்தால் அவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. உயிரைப் பணயம் வைத்து அவர் எடுத்த பொருள் இரண்டு வருடத்தில் குப்பையில் கிடந்தால், அது அவருக்கு எந்த விதத்தில் மரியாதை?

இணைச்சட்ட நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான இடம் இருக்கிறது. நாற்பது ஆண்டு பாலைநிலத்தில் நடந்த மக்களுக்கு ஆண்டவர் செய்ததை மோசே நினைவூட்டுகிறார். மன்னாவைச் சொல்கிறார். உடனே, நீங்கள் போட்டிருந்த துணி நைந்துபோகவில்லை, கால் வீங்கவில்லை என்றும் சொல்கிறார். கடலைப் பிளந்த கடவுள், தம் மக்களின் துணி கிழியாமலும் பார்த்துக்கொண்டார். நம் வீட்டுச் சாமான் எத்தனை நாள் உழைக்கிறது என்பதுவரை வந்து நிற்கிறது அவருடைய இரக்கம். நம்மில் எத்தனை பேர் நாற்பது, ஐம்பது வருடமாக அந்த இரக்கத்தில் நைந்துபோகாமல் நடந்து வந்திருக்கிறோம்! சோர்ந்துபோனபோதெல்லாம் அவர் நம்மை ஒதுக்கிவிடவில்லை; மறுபடி மறுபடி நிரப்பி அனுப்பினார். அந்த இரக்கத்தில் கொஞ்சத்தை, நாம் முகம் பார்க்காத ஒருவருக்கு, இந்த வழியிலும் காட்டலாம்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு, நம் இளைஞர் இயக்கத்தினர் கெபிக்குப் பக்கத்தில் மேசை போட்டிருப்பார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்களைக் கொண்டுவாருங்கள். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்திடம் சேர்த்துவிடுவோம். அங்கே பழைய பேட்டரியிலிருந்து கோபால்ட்டைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. உப்பிய பேட்டரிகளை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம், நேரே சர்வீஸ் கடையில் கொடுங்கள். சர்வீஸ் கடைத் தம்பியும் அன்று வருகிறார். உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்.

இன்றைய மன்றாட்டில் கொல்வேசி மறைமாவட்டத்து மக்களுக்காகவும், அங்கே பணிசெய்யும் சகோதரிகளுக்காகவும், அத்தகாமாவில் தண்ணீருக்காகக் காத்திருப்பவர்களுக்காகவும், நம் தூய்மைக் காவலர்களுக்காகவும் வேண்டுவோம். அருளாளர் இசிதோர் பக்காஞ்சா நமக்காகப் பரிந்து பேசுவாராக. இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.